ரொமேரோ நினைவு நாளுக்கு முற்றத்தில் எந்தப் படம் போடலாம்?

உப்புவெளிக்காரன்:
ஜூலை 16 அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோ இறந்த நாள். 2017இல் டொரன்டோவில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார், வயது 77. இந்த முறை அன்று இரவு எங்கள் வீட்டு முற்றத்தில் பெட்சீட் கட்டி அவருடைய படம் ஒன்று போடப்போகிறேன். அயலில் உள்ளவர்கள் வருவார்கள். பாதிப்பேர் அவர் பெயரையே கேள்விப்படாதவர்கள்.

என் மனம் 1968இல் வந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' பக்கம்தான் நிற்கிறது. பிணம் எழும்பி நடக்கிற படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் படத்தின் பெரும்பகுதி ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைபட்ட ஏழு பேரின் சண்டை. மேலே நின்று கதவுக்குப் பலகை அடிப்பதா, நிலவறைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்வதா என்று பென்னும் ஹரியும் மல்லுக்கட்டுவார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று முதலில் அறிவிப்பு. பிறகு அதே அறிவிப்பு மாறி, பாதுகாப்பு நிலையங்களுக்குப் போங்கள் என்கிறது. போர்க்கால ஊரடங்கில் வளர்ந்த எங்களுக்கு அது தெரிந்த வீடு. மேசையைக் கதவுக்குக் குறுக்கே இழுத்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதா வீட்டிலேயே கிடப்பதா என்று அப்பாவும் சித்தப்பாவும் குரலை அடக்கிக்கொண்டு சண்டை பிடித்ததைப் பார்த்தவன் நான். அமெரிக்காவில் இருந்த ஒரு மனிதர் இதை எப்படி இவ்வளவு சரியாகப் பிடித்தார் என்பதுதான் எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை விடுங்கள்.) இரவு முழுக்கப் பிணங்களிடம் தப்பிய பென்னை, விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டமே அவனும் ஒரு பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அப்புறம் அவன் உடலை இழுத்துப்போவது அசையாத நிழற்படங்களாக வரும். எங்கள் ஊரில், வயதானவர்கள் முன்னால், இதைப் போடலாமா? இதுதான் என் கேள்வி.

பாலையூற்று ரசிகை:
வேண்டாம் அண்ணா. 1978இல் வந்த 'டோன் ஒஃப் த டெட்' போடுங்கள். பென்சில்வேனியாவில் மன்ரோவில் என்ற இடத்துக் கடைத்தொகுதியில், கடைகள் பூட்டிய பிறகு இரவிரவாக எடுத்த படம். ஒப்பனை செய்த டொம் சவினி வியட்நாம் போரில் படப்பிடிப்பாளராக இருந்தவர். இரத்தம் பெயின்ட் மாதிரித்தான் தெரியும், ஆனால் குடல் பிடுங்குகிற காட்சிகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பிடித்தது கடைசி. இரண்டு பேர் ஹெலிகொப்டரில் ஏறிப் போகிறார்கள். எரிபொருள் குறைவு, எங்கே போவது என்றும் தெரியாது. ஆனாலும் போகிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற இடத்தில் அது வேறு மாதிரி விளங்கும்.

டொக்யாட் வீதி:
முதல் படத்தையே போடுங்கள் தம்பி. ஏறக்குறைய 1,14,000 டொலரில், பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள் சேர்ந்து எடுத்தது. இரத்தத்துக்குப் பதில் சொக்லேட் பாணியை ஊற்றினார்கள். வெளியிடும்போது படத்தின் பெயரை மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது. ரொமேரோவுக்கு வரவேண்டிய காசு எவ்வளவோ வராமல் போனது. அந்த மனிதர் அதோடு ஓய்ந்துவிடாமல் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும். 2016இல் துப்புரவாக்கிய பிரதி ஒன்று உண்டு, அதைத் தேடி எடுங்கள். பழைய கொப்பிகளில் முகமே தெரியாது.

பெரியவர்கள் விடயம்: நான் அம்மாவோடு இருந்து பார்த்தேன். கடைசியில் அம்மா, “இவனையும் அதுகளில ஒண்டெண்டு நினைச்சிட்டாங்கள்” என்றா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யார் யாருக்கு அப்படி நடந்தது என்று பெயர் பெயராகச் சொன்னா. அதுவரை என்னிடம் சொல்லாத பெயர்கள். போடாமல் விடாதீர்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விருப்பமில்லாதவர்கள் எழும்பிப் போகட்டும்.

நிலாவெளி மாணவன்:
வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் 'த அமியூஸ்மன்ட் பார்க்' நல்லது. 1973இல் எடுத்து 2021இல்தான் பரவலாக வெளிவந்தது. ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பிணமே வராது. வெள்ளை உடுப்புப் போட்ட கிழவர் ஒருவர் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் போய் எல்லோரிடமும் அடிபட்டு மிதிபட்டு வருவதுதான் கதை. முதியவர்களை நடத்தும் விதத்தைப் பற்றி லூத்தரன் திருச்சபை அமைப்பு ஒன்று கேட்டு அவர் எடுத்துக் கொடுத்தது.

உப்புவெளிக்காரன்:
நன்றி எல்லோருக்கும். ஐயா சொன்னதுதான் சரி, முதல் படம். முடிவை நானே முதலில் சொல்லுகிறேன். 'பார்க்' படத்தை இன்னொரு நாள் பெரியவர்களுக்காகவே போடலாம். சாகும் நேரம் ரொமேரோ 'த குவைட் மேன்' படத்தின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம், அவர் குடும்பத்தார் சொன்னது. ஆட்கள் வந்து சேரும் வரைக்கும் அதைப் போட்டுவிடுகிறேன்.

பாலையூற்று ரசிகை:
சரி அண்ணா, நானும் வருகிறேன். ஜூலையில் அடிக்கிற கச்சான் காற்றுக்குப் பெட்சீட் நிற்காது. வெள்ளையடித்த சுவர் இருந்தால் அதிலேயே போடுங்கள்.