பெண்ட் மேலே போகிறது, கூடவே ஒரு விசில் கீழே இறங்குகிறது. ட்யூப் ஆம்ப் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கிட்டாரை இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் போட்டு, ஆம்பைப் போல ஒலிக்கும் ஒரு இலவச மென்பொருளில் (ஆம்ப் ப்ளக்இன்) வாசிக்கிறேன். க்ளீன் டோன் நன்றாக இருக்கிறது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் காதுக்குள் குளவி புகுந்த மாதிரி இரைச்சல். முதல் ஸ்ட்ரிங்கில் 19-ஆம் ஃப்ரெட்டைப் பெண்ட் செய்தால் (கம்பியை வளைத்து இழுத்தால்) சுரம் மேலே போகிறது; பின்னால் மெல்லிய விசில் ஒன்று கீழே இறங்குகிறது. வெற்றிடக் குழாய்களால் ஓடும் ட்யூப் ஆம்ப் வாங்காமல் தீராது என்கிறார் நண்பர். நான் இருப்பது அபார்ட்மென்ட். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.

பதில் 1:
கேபினட் ஐஆர், அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலவே ஒலியை வடிகட்டும் ஃபைல், போட்டீர்களா? கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். ட்யூபோ ட்ரான்சிஸ்டரோ, டிஸ்டார்ஷனின் முள்ளை மழுக்குவது அதுதான். அது இல்லாமல் ஹெட்ஃபோனில் கேட்டால் எந்த ஆம்பும் குளவிதான்.

கேட்டவர்:
போட்டேன். இரைச்சல் அடங்கிவிட்டது, ரொம்ப நன்றி. விசில் மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் 2:
அது அலியாசிங். நொடிக்கு 44,100 முறை அலையை அளக்கும் சாம்பிளிங்தானே? அதில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. கெயின் ஏறி அலையின் தலையை வெட்டும்போது பிறக்கும் ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) அந்த எல்லையில் முட்டித் திரும்பும். உங்கள் 19-ஆம் ஃப்ரெட் சுமார் 988 ஹெர்ட்ஸ். அதன் 41-வது ஹார்மோனிக் 40,500-ஐத் தொடும். மடங்கி, 44,100-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 3,600-இல் விழும். அரைச் சுரம் பெண்ட் செய்தால் அது 42,900 ஆகும், விழுவது 1,200-இல். நீங்கள் ஏற ஏற அது இறங்குகிறது, பார்த்தீர்களா? ஸ்பீக்கர் வடிகட்டாத இடத்தில் வந்து உட்காருவதால் ஐஆர் அதைத் தொடாது. ப்ளக்இன்னில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே மட்டும் சாம்பிளிங்கைப் பல மடங்கு கூட்டுவது) இருக்கும், 8 மடங்கு வையுங்கள்.

பதில் 3:
நான் வருடக்கணக்காக ட்யூப் ஆம்ப் வாசிப்பவன். அதிலிருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூப் அலையின் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வெட்டாது. கிட்டார் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே க்ளீனுக்கு வந்துவிடும், விரலுக்கு அடங்கும். அதற்காகவே எனக்கு அது உயிர். ஆனால் தம்பி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூபும் சேர்ந்து டிஸ்டார்ட் ஆகும் அளவுக்கு ஏற்றினால், இரண்டு ஈஎல்84 பவர் ட்யூப் போட்ட 15 வாட் ஆம்ப்கூட அந்தக் குழந்தையை எழுப்பிவிடும். விசிலுக்காக அதை வாங்க வேண்டாம். ட்ரான்சிஸ்டர் ஆம்பிலும் டயோடு பெடலிலும்கூட அலியாசிங் வராது, அங்கே சாம்பிளிங்கே கிடையாதே. ட்யூப் ஸ்க்ரீமர் பெடலையே எடுங்கள்: ட்யூப் என்பது பெயரில் மட்டும், அலையை வெட்டுவது ஆப்ஆம்ப் சிப்பைச் சுற்றி இருக்கும் சிலிக்கான் டயோடுகள். அப்புறம், இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான ஹை-இசட் உள்ளீட்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். லைன் உள்ளீடு என்றால் பிக்கப்பின் மேல் சுரங்கள் மங்கிவிடும்.

கேட்டவர்:
ஹை-இசட்தான் அண்ணா. 8 வைத்தேன், விசில் போயே போய்விட்டது! ஆனால் லேப்டாப் திணறி நடுவே சத்தம் வெட்டுகிறது.

பதில் 2:
வாசிக்கும்போது 2 வையுங்கள். ரெக்கார்டிங்கை ரெண்டர் செய்து ஃபைலாக்கும்போது மட்டும் 8.

கேட்டவர்:
சரி, அப்படியே செய்தேன். ஓடுகிறது.