புதுப்பிப்பு: கடலூர் அத்தையின் கருவிழி ஆபரேஷன்

அத்தைக்குக் காலையில எழுந்ததும் பார்வை புகைமூட்டமா இருக்கு, மத்தியானத்துக்கு மேலதான் தெளியுது, கருவிழி மாத்தணும்கிறாங்க, செய்யலாமான்னு கேட்டிருந்தேன். புதுச்சேரியில வலது கண் முடிஞ்சது.

முழுக் கருவிழியையும் மாத்தலை. உள்பக்கச் சவ்வு மட்டும், டிமெக் முறை. சவ்வோட தடிமன் 10-15 மைக்ரான்தான். அதுல ஒட்டியிருக்கிற செல்கள்தான் கருவிழியில ஊறுற தண்ணியை வெளியேத்துது; செத்தா திரும்ப வளராது. ராத்திரி இமை மூடியிருக்கும்போது ஈரம் ஆவியாகாம வீங்கிடும், காலை மூட்டம் அதனாலதானாம்.

ஆபரேஷனைவிட மல்லாந்து படுக்கிறதுதான் பெரும்பாடு. கண்ணுக்குள்ள விட்ட காத்துக் குமிழி சவ்வை மேல தாங்கணும். "எவ்ளோ நேரம்டா ஃபேனையே பாக்கறது?"ன்னு ஒரே புலம்பல். அப்படியும் ஒரு ஓரம் விலகி, மறுபடி காத்து விட்டாங்க. இந்த முறையில அது அபூர்வம் இல்லை, பயப்படாதீங்க.

இப்போ விடிஞ்சதும் காலண்டர்ல ராசிபலனை அவங்களே படிக்கிறாங்க (சந்திராஷ்டமம்னா எங்களுக்கும் கச்சேரிதான்). முழு மாற்றை விட நிராகரிப்பு (வச்ச சவ்வை உடம்பு ஏத்துக்காம போறது) குறைவுதான். ஆனாலும் ஸ்டீராய்டு சொட்டை நாமளா நிறுத்தக்கூடாது. அந்தச் சொட்டால கண் அழுத்தம் ஏறலாம், செக்கப் தவறக்கூடாது. சிவப்பு, வலி, மங்கல் வந்தா உடனே ஓடணும்.

இடது கண்ணுக்குத் தீபாவளி கழியட்டும்கிறாங்க அத்தை.