கீசர் டிஸ்ப்ளே விடியற்காலையிலேயே 72 காட்டுகிறது, குழாயில் வருவதோ பச்சைத் தண்ணீர். சென்சாரா, போர்டா?

கக்கதாசபுரா குடித்தனக்காரன்:
பெங்களூரில் வாடகை வீடு. குளியலறையில் 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், 2000 வாட், முன்னால் டிஜிட்டல் டிஸ்ப்ளே இருக்கிற வகை. ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலையில் போட்டால் எடுத்த எடுப்பில் 72 என்று காட்டுகிறது. செட் பண்ணியிருப்பது 60, அதனால் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துவிட்டதாக அது நினைத்துக்கொண்டு ஹீட்டரை ஆன் செய்வதே இல்லை. குழாயைத் திறந்தால் டிசம்பர் மாத பெங்களூர்த் தண்ணீர், தலையில் ஊற்றினால் உயிரே போகிறது. சில நாள் மத்தியானத்தில் தானாகவே 30க்கு இறங்கி ஒழுங்காகச் சூடேறுகிறது, மறுநாள் காலையில் பழைய குருடி கதைதான். பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல் பிசிபி போய்விட்டது, மொத்த போர்டையும் மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னார், அதற்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது கீசரே வாங்கிவிடலாம். ஓனர் அங்கிள் பாதி தருவாராம். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு கை வேலையும் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

அல்சூர் வாசி:
போர்டுதான் நண்பா. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஆகி மாற்றினோம்.

பழைய எலெக்ட்ரீஷியன்:
போர்டு என்று முடிவு கட்ட இன்னும் நேரம் இருக்கிறது தம்பி. முதலில் மின்பெட்டியில் இருக்கிற எம்சிபி சுவிட்சை அணைத்து, 16 ஆம்பியர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கவே கூடாது, பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படியிருந்தால் அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும்.

அடிமூடியைக் கழற்றினால் டிஸ்ப்ளே போர்டுக்குப் போகிற மெல்லிய இரட்டை ஒயர் ஒன்று தெரியும், அதுதான் சென்சார். பெரும்பாலும் என்.டி.சி. வகை, அதாவது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். இந்த மாதிரி கீசர்களில் அதிகம் வருவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுகிற சென்சார். அது ஐஸ் தண்ணீரில் 32, 33 கிலோ ஓம் காட்டும், 60 டிகிரியில் இரண்டரை கிலோ ஓமுக்கு வந்துவிடும். உங்கள் கேஸில் 72 என்று காட்டுகிறதே, அதற்கு ஏறக்குறைய 1.65 கிலோ ஓம் கணக்கு. ஆக போர்டின் கண்ணுக்கு அவ்வளவு குறைந்த ரெசிஸ்டன்ஸ் தெரிகிறது. சென்சாரே அப்படிக் காட்டுகிறதா, இல்லை போர்டு தப்பாகப் படிக்கிறதா, இதைத்தான் பிரித்துப் பார்க்கணும்.

அதற்கு ஒரு ரூபாய் வைத்தியம் இருக்கிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், பழுப்பு, கருப்பு, ஆரஞ்சுக் கோடு போட்டது. சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கிற அந்த இரண்டு பின்களுக்கு நடுவே ரெசிஸ்டரை நன்றாக மாட்டுங்கள். ஹீட்டருக்குப் போகிற ஒயரையும் கழற்றி டேப் சுற்றி, வேறு எதிலும் படாமல் ஒதுக்கி வைக்கணும். கையை எடுத்த பிறகுதான் கரண்ட் கொடுக்கணும். டிஸ்ப்ளே 24க்கும் 26க்கும் நடுவில் எது காட்டினாலும் போர்டு நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டரோடு அந்த ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள், போர்டு எப்போதும் 25 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கும், ஆஃப் ஆகவே ஆகாது.

மல்லேஸ்வரம் சுந்தர்:
இவ்வளவு தலைவலி எதற்கு சார்? எங்கள் ஏரியா ஆள் ஒருவர் அந்த ரெசிஸ்டரையே நிரந்தரமாகச் சால்டர் பண்ணிக் கொடுத்துவிடுவார். டைம் பார்த்து நாமே அணைத்துக்கொள்ளலாம்.

பழைய எலெக்ட்ரீஷியன்:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அப்படி விட்டால் அந்த கீசரைத் தடுக்கிறதற்கு மிச்சம் இருப்பது சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கிற தெர்மல் கட்-அவுட் ஒன்றுதான். அதுவும் வருஷக்கணக்கில் ஒருமுறைகூட வேலை செய்யாமல் துருப்பிடித்துக் கிடக்கிற ஐட்டம், அவசரத்துக்குக் கைகொடுக்குமா என்று யாருக்குத் தெரியும். அதற்கப்புறம் பிரஷர் வால்வு, அது உப்பு படிந்து அடைத்திருந்தால் கதை முடிந்தது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வெந்நீரில் வெந்துபோவதற்கு வெடிக்கவே வேண்டாம்.

ஹொரமாவு கீதா:
சார் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மத்தியானம் தானாகச் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு ஈரம் என்றுதான் தோன்றுகிறது. சென்சார் ஒயர் அறுந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் எக்கச்சக்கமாக ஏறி, போர்டு ரொம்பக் குளிர் என்று காட்டும், இல்லை பிழைக் குறியீடு போடும். ஈரம் இறங்கினால் இரண்டு ஒயருக்கும் நடுவே கரண்ட் கசிந்து ரெசிஸ்டன்ஸ் விழும், சூடு என்று காட்டும். உங்களுடையது இரண்டாவது ரகம். காய்ந்ததும் சரியாகிறது. மூடியைத் திறக்கிறபோது ஹீட்டர் எலிமெண்ட் மாட்டியிருக்கிற பிளேட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதாவது பூத்திருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு போர்வெல் தண்ணீரா?

கக்கதாசபுரா குடித்தனக்காரன்:
காவேரித் தண்ணீர் வருகிற நாள் வரும், மற்றபடி போர்வெல்லும் டேங்கரும்தான் அக்கா. பக்கெட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கும்.

இன்று திறந்தேன். ரெசிஸ்டர் போட்டதும் டிஸ்ப்ளே 25. ஆடாமல் அசையாமல் நின்றது. அப்படியானால் போர்டு தப்பித்தது! சென்சாரைத் தனியே அளந்தால் 1.7 கிலோ ஓம், டேங்க்கில் இருந்ததோ ராத்திரித் தண்ணீர், சில்லென்றுதான் இருந்தது. அதன் குழலிலிருந்து உருவி எடுத்தேன், தண்ணீரில் நேரடியாக முங்குவதில்லை, ஒரு செப்புக் குழலுக்குள் உலர்வாகச் சொருகியிருந்தது, அதனால் டேங்க்கைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடி வெயிலில் வைத்தபோது 7 கிலோ ஓம் வரை ஏறியது. கனெக்டரை மட்டும் துடைத்துக் காயவைத்துப் பார்த்தபோது எந்த மாற்றமும் இல்லை. எலிமெண்ட் பிளேட்டின் ஒரு போல்ட்டைச் சுற்றி, அக்கா சொன்ன மாதிரியே, சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைக் கட்டி, அதற்குக் கீழே சென்சார் ஒயர் வெளியே வருகிற இடம் ஈரமாக மின்னியது. சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, விரல் வைத்தால் நனைகிற அளவுதான். சென்சாரின் பின்புறத்தை மூடியிருக்கிற எபாக்சிப் பசையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

வெயிலில் காய்ந்து 7 ஆகிவிட்டதே, அதையே திரும்ப மாட்டலாமா?

ஹொரமாவு கீதா:
வேண்டாம். விரிசல் வழியாக மறுபடி ஈரம் இறங்கும். எலிமெண்ட் பிளேட்டில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற ரப்பர் கேஸ்கெட்டை மாற்றாமல் புது சென்சார் போட்டாலும் அதே கதிதான், அதற்கும் தண்ணீர் காட்டிவிடும். இரண்டும் சேர்த்துச் செய்தால்தான் காசு வீணாகாது.

எஸ்.பி. ரோடு பித்தன்:
சென்சார் எலெக்ட்ரானிக் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் வெறுமனே 10கே என்.டி.சி. என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பீட்டா மதிப்பு என்று ஒன்று இருக்கிறது, சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வேகமாகக் குறையும் என்று சொல்கிற எண், அதிகமாகப் புழங்குவது 3950ம் 3435ம். 25 டிகிரியில் இரண்டும் 10 கிலோ ஓம்தான், அதனால் கடையில் அளந்தால் வித்தியாசமே தெரியாது. சூடான பிறகுதான் விலகும். 3950க்கு எழுதிய போர்டில் 3435 சென்சாரைப் போட்டால், தண்ணீர் உண்மையில் 60 இருக்கும்போது டிஸ்ப்ளே 55 என்றே சொல்லும். 75 ஆனால் 68 மாதிரி காட்டும். பார்க்க நன்றாக ஓடுவது போலவே இருக்கும், கையைச் சுட்டுக்கொள்ளும்போதுதான் தெரியும். பழைய சென்சாரின் ஒயரில் எண் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் போர்டிடமே கேளுங்கள், ஹீட்டர் ஒயரைக் கழற்றிய நிலையிலேயே இரண்டரை கிலோ ஓம் வருகிற மாதிரி ரெசிஸ்டர்களைச் சேர்த்து மாட்டிப் பாருங்கள், 60ஐ ஒட்டிக் காட்டினால் 3950, 65, 66 என்று போனால் 3435.

கக்கதாசபுரா குடித்தனக்காரன்:
10 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கை இணையாக முறுக்கி மாட்டினேன் அண்ணா, 60 காட்டியது. 3950தான். அந்தக் கடைத்தெருவில் ஒரு மூலைக் கடையில் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார்கள், காபி டம்ளரில் வெந்நீர் ஊற்றி அதில் வைத்துச் சோதித்தேன், 40 டிகிரி இருக்கும்போது 5.3 கிலோ ஓம். கேஸ்கெட் மட்டும் மாடல் நம்பர் சொல்லி ஆர்டர் போட்டிருக்கிறேன். அதை மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பழைய எலெக்ட்ரீஷியன்:
உள்ளே வரும் தண்ணீரை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று உள்ளே போகவிட்டு, அப்புறம் டேங்க்கை வடியுங்கள். எலிமெண்டை வெளியே எடுத்ததும் மேலே அப்பியிருக்கிற உப்பை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். எலிமெண்ட் முனைகளுக்கு நடுவே 26 ஓம் ஒட்டி வரணும், முனைக்கும் உலோக உறைக்கும் நடுவே மீட்டர் எதையுமே காட்டக் கூடாது, காட்டினால் அது எர்த் ஆகிறது, அதாவது கரண்ட் உறைக்குக் கசிகிறது, எலிமெண்டும் போயிற்று. போல்ட்டுகளை ஒரே பக்கமாக வரிசையாக முறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிற மெக்னீசியம் தண்டு ஒன்று கூடவே இருக்கும், விரல் மொத்தத்திலிருந்து கம்பி மாதிரி ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், போர்வெல் தண்ணீரில் அது சீக்கிரம் தீரும். டேங்க் நிறைந்து, குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் வந்த பிறகுதான் கரண்ட்.

கக்கதாசபுரா குடித்தனக்காரன்:
எல்லாம் போட்டாயிற்று. போட்டவுடன் 21, 60 ஆக அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு அணைந்தது. பிளேட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் சுற்றி ராத்திரி விட்டுப் பார்த்தேன், காலையில் காய்ந்துதான் இருந்தது. ஓனர் அங்கிளிடம் போர்டு நன்றாக இருக்கிறது என்றதும் பாதி இல்லை, முழுச் செலவையும் வாடகையில் கழித்துக்கொள் என்று சொல்லிவிட்டார், பில்லை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பணுமாம். அந்த மூலைக் கடைக்காரர் பில் கொடுப்பாரா, யாருக்காவது தெரியுமா?

எஸ்.பி. ரோடு பித்தன்:
கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், ஜிஎஸ்டி பில் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.