‘ட்வைலைட்’: நாவலைப் படித்தவர்களுக்கும் படம் பிடிப்பது எதனால்?

மழைமுகில்:
அனைவருக்கும் வணக்கம். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலைக் கல்லூரி நாட்களிலேயே படித்திருந்தும், கேத்தரின் ஹார்ட்விக் இயக்கி 2008-இல் வெளிவந்த படத்தைச் சென்ற வாரம்தான், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளோடு உட்கார்ந்து முதன்முறையாகப் பார்த்தேன். கதை முழுவதும், எட்வர்ட் என்னும் ரத்தக் காட்டேரியைக் காதலிக்கும் பள்ளி மாணவி பெல்லாவின் மனத்துக்குள்ளேயே ஓடுவதால் திரையில் அது எடுபடாது என்று நினைத்து இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டு வந்தேன். உயிரியல் வகுப்புக் காட்சியிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. பெல்லா மின்விசிறியைக் கடக்கும்போது அவள் கூந்தல் லேசாக அலைகிறது. எட்வர்ட் சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் இருக்கும் பாடம் செய்த வெள்ளை ஆந்தையின் சிறகுகள் அவன் தோள்களிலிருந்தே விரிந்தவை போலத் தெரிகின்றன. ஒரு சொல்கூட இல்லாமல் அவன் யார் என்பது நமக்கு உணர்த்தப்பட்டுவிடுகிறது. மனக்குரல் இவ்வளவு குறைந்த பிறகும் படம் நாவலின் நெருக்கத்தை இழக்காமல் இருப்பது எப்படி என்று, இரண்டையும் நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

ஏட்டுச்சுவடி:
நாவல் பெல்லாவே ‘நான்’ என்று சொல்லும் கதையாக இருப்பதால் அவள் அறியாத எதையும் வாசகர் அறிய முடியாது. அதனால்தான் ஜேம்ஸ், விக்டோரியா, லோரன் என்னும் மூன்று நாடோடி ரத்தக் காட்டேரிகளும் நாவலின் பிற்பகுதியில், பேஸ்பால் ஆட்டத்தின்போதுதான் முதன்முதலாக எதிர்ப்படுகிறார்கள். படமோ ஆலைக் காவலாளியையும், பெல்லாவின் தந்தைக்கு நண்பரான வெய்லன் என்பவரையும் அவர்கள் கொல்வதை முன்பாகவே காட்டிவிடுகிறது. ஆகவே காதல் மெல்ல வளரும் ஒவ்வொரு காட்சியின் அடியிலும், அவளுக்குத் தெரியாத ஓர் ஆபத்து ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது. திரைக்கதை எழுதிய மெலிஸா ரோசன்பர்க் செய்த மாற்றங்களில் இதையே மிகச் சிறந்ததாக நான் கருதுகிறேன். உணவுக்கூடத்தில் தவறி விழும் ஆப்பிளை எட்வர்ட் காலால் தட்டியெடுத்து இரு கைகளிலும் ஏந்துவதைக் கவனித்தீர்களா? நாவலின் அட்டைப் படம் அப்படியே அங்கே உயிர்பெறுகிறது.

தென்றல்வழி:
எனக்கு இந்தப் படம் காதலர்களை விடவும் தந்தை சார்லியின் படம். ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரின் காவல்துறைத் தலைவரான அவருக்கு, ஃபீனிக்ஸிலிருந்து வந்துசேர்ந்த மகளிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. அவளுடைய பழைய டிரக்குக்குப் புது டயர் மாட்டிவைக்கிறார். மிளகுத் தெளிப்பான் கையில் இருக்கிறதா என்று கேட்கிறார். அன்பைச் சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான். ஜேம்ஸிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதற்காகவே, அவளுடைய தாய் பிரிந்து போனபோது சொன்ன அதே சொற்களைப் பெல்லா அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியேறும் காட்சியை என்னால் இன்றும் கலங்காமல் பார்க்க முடிவதில்லை. நாவலில் அவளுடைய குற்ற உணர்வைப் படித்தோம். படத்தில் சார்லியாக நடித்த பில்லி பர்க்கின் முகத்தையே பார்க்கிறோம்.

அந்திவானம்:
படத்தை நானும் விரும்பிப் பார்த்தவள்தான். எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெல்லா அறியாமல் இரவுகளில் அவள் அறைக்குள் வந்து அவள் உறங்குவதைப் பார்த்ததாக எட்வர்ட் சொல்வது, நாவலிலும் படத்திலும் காதலின் ஆழத்துக்குச் சான்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த இடத்தைப் பேசாமல் கடந்துவிடக் கூடாது.

மழைமுகில்:
மூவருக்கும் நன்றி. அந்திவானம் அவர்களே, அந்த இடத்தில் அக்கா மகளே படத்தை நிறுத்தச் சொல்லி, “கேட்காம ரூமுக்குள்ள வர்றது தப்புதானே சித்தி?” என்றாள். தப்புதான் என்று சொல்லி, சற்று நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதன் பிறகும் எட்வர்ட் பியானோ வாசிக்கும் காட்சியில் இருவரும் மெய்ம்மறந்தோம். அவன் பெல்லாவுக்காக ஒரு தாலாட்டை இயற்றினான் என்று நாவலில் படிக்கத்தான் முடிந்தது, கார்ட்டர் பர்வெல்லின் இசையில் அதைக் காதாரக் கேட்க முடிந்தது. இனி ஒரு கேள்வி: இரண்டாம் பாகத்தை வேறோர் இயக்குநர் எடுத்திருக்கிறாரே, முதல் படத்தில் இருந்த அந்த நீலம் தோய்ந்த மழைக்கால நிறம் அதிலும் உண்டா?

ஏட்டுச்சுவடி:
இல்லை. 2009-இல் வெளிவந்த ‘நியூ மூன்’ படத்தை இயக்கிய கிறிஸ் வைட்ஸ் பொன்னிறச் சாயலைத் தேர்ந்துகொண்டார். முதல் படத்தின் ஈரமும் குளிரும் அதில் குறைவு. ஆனாலும் ஒரு காட்சிக்காகவாவது பாருங்கள். எட்வர்ட் பிரிந்துபோன பிறகு அந்நாவலில் மாதங்களின் பெயர்கள் மட்டுமே அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வரும் அல்லவா? படத்தில் பெல்லா சன்னலோரம் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்க, கேமரா அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெளியே பருவம் மாறியிருக்கிறது, அவள் மட்டும் அப்படியே இருக்கிறாள்.