புதுப்பிப்பு: பெகு அரிசி ஆலை டிரைவ், எர்த் ஃபால்ட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது

பர்மாவில் பெகு பக்கத்து அரிசி ஆலையில், தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் மோட்டாரின் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்), ஸ்டார்ட் கொடுத்ததும் எர்த் ஃபால்ட் (கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது) என்று காட்டி டிரிப் ஆகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ஐஜிபிடி (டிரைவுக்குள் மோட்டாருக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் செமிகண்டக்டர் சுவிட்ச்) போயிருக்கும், டிரைவையே மாற்றுங்கள் என்று சில அண்ணன்மார் சொன்னார்கள். டிரைவ் நன்றாகவே இருக்கிறது.

சப்ளையை நிறுத்தி, கெப்பாசிட்டர் இறங்கும்வரை காத்திருந்து, டிசி பஸ்ஸை (டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கித் தேக்கும் பகுதி) மீட்டரில் பார்த்த பிறகே கை வைத்தோம். 400 வோல்ட் லைனில் அங்கே சுமார் 565 வோல்ட் நிற்கும். டிஸ்பிளே அணைந்துவிட்டதே என்று நம்பி யாரும் தொட வேண்டாம். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ வயர்களைக் கழற்றி, டிரைவின் அவுட்புட்டை மீட்டரின் டயோடு ரேஞ்சில் பார்த்தால் மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி காட்டின. மோட்டார் இல்லாமல் ஓட்டினால் டிரிப்பே இல்லை.

அடுத்து மெகர், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். மோட்டாரையும் கேபிளையும் பிரித்து, தனித்தனியாக 500 வோல்ட்டில் போட்டோம். மோட்டார் 100 மெகாஓமுக்கு மேல், நல்ல நிலை. கேபிளில் வி கோர் எர்த்துக்கு அரை மெகாஓம்கூட இல்லை! சுவருக்குள் போகும் பைப்பில் மழைத்தண்ணீர் தேங்கி, டேப் சுற்றிய பழைய ஜாயிண்ட் பச்சை பூத்துக் கிடந்தது. ஜாயிண்ட் இல்லாத புதுக் கேபிள் இழுத்தாயிற்று, ஆலை ஓடுகிறது.

வயர் டிரைவில் மாட்டியிருக்கும்போது மட்டும் மெகர் போட்டுவிடாதீர்கள். நல்ல ஐஜிபிடியும் அதிலேயே போய்விடலாம்.