மீன்கொத்தி பாயும் கணம் ஏன் என் படத்தில் தெளிவாக அமைவதில்லை?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் பாகூர் ஏரிக்குச் செல்கிறேன். அங்கே நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பின்னர் தலைகீழாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் படமெடுக்க முயன்று வருகிறேன். ஐந்து வாரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தும், பாய்ச்சலைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

என்னிடம் இருப்பது நொடிக்கு 10 ஃபிரேம் எடுக்கும் கேமராவும் 150–600 மி.மீ. லென்ஸும். ஷட்டர் வேகம் 1/800 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 என்று வைத்து, லென்ஸை 600 மி.மீ. வரை இழுத்து, ஏரியின் மேற்குப் பக்க மேட்டில் நின்று எடுக்கிறேன். நண்பர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் "அருமை" என்று மட்டும் பதில் வருகிறது. ஒரு போட்டிக்கு அனுப்பிய படமும் காரணம் எதுவும் சொல்லப்படாமல் திரும்பிவிட்டது. இருப்பதில் நல்ல படத்தை கிராப் செய்து இங்கே இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்பதைத் தயவுசெய்து ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

ஊசுட்டேரி எழுதியது:

நண்பரே, நீங்கள் தேர்ந்தெடுத்து கிராப் செய்த படத்தில் உங்கள் தவறு பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. ஒரு பாய்ச்சலுக்கு எடுத்த எல்லா ஃபிரேம்களையும், வெற்றுத் தண்ணீர் மட்டும் விழுந்தவை உட்பட, எடுத்த வரிசையிலேயே வெட்டாமல் போடுங்கள். 1878-இல் ஏட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையைப் படமெடுத்தபோது, நான்கு குளம்புகளும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது அந்த வரிசையில்தான் தெளிவாயிற்று. நமக்கும் வரிசையே பாடம் சொல்லும்.

வரிசை வருவதற்குள் ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பறவை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகவும், புவியீர்ப்பு மட்டுமே அதை இழுப்பதாகவும் கொண்டால், நீரைத் தொட ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அப்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். 1/800 நொடி ஷட்டர் திறந்து மூடுவதற்குள் பறவை ஒன்றேகால் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் கண்ணோ அதைவிடச் சிறியது. 1/3200 என்றால் அந்த நகர்வு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டராகக் குறையும். ஐஎஸ்ஓ 400-ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 3200 வரை கேமராவே உயர்த்திக்கொள்ள விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ உயர்வதால் தோன்றும், மணல் தூவியது போன்ற புள்ளிகளைப் பின்னர் மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்டுப்போன கண்ணை மீட்க வழியே இல்லை.

கெடிலக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சென்ற சனிக்கிழமை ஒரே பாய்ச்சலில் எடுத்த 14 ஃபிரேம்களையும் வெட்டாமல் இணைத்திருக்கிறேன். ஒன்பதாவதிலிருந்து பறவையே இல்லை. போடத் தயக்கமாக இருந்தாலும் போட்டுவிட்டேன்.

கிள்ளைப் படகு எழுதியது:

தயங்காமல் போட்டது நல்லது, தம்பி. நான்கு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உங்கள் முதல் ஃபிரேமிலேயே பறவை சிறகை மடக்கிவிட்டது. அது பாய்வதைக் கண்ட பிறகே விரலை அழுத்தியிருக்கிறீர்கள். கண் கண்டு விரல் அழுத்துவதற்குக் கால் நொடி போய்விடும் என்பதால், ஊசுட்டேரி ஐயா சொன்ன அந்த ஒரு நொடியில் கால் பங்கை இழந்துவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பறவை மேலிருந்து கீழாக இழுபட்டிருக்கிறது. அது ஷட்டர் வேகத்தின் குறை. ஆனால் நான்காவதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பின்னாலுள்ள கோரைத் தாள்கள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் துல்லியமாக இருக்க, பறவை மட்டும் மங்கியிருக்கிறது. அங்கே ஃபோகஸ் பறவையை விட்டுக் கோரைக்குத் தாவிவிட்டது. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்த இரண்டாவது குறை தீராது. நகரும் இலக்கைக் கேமரா விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில், இலக்கை விட்டு வேறொன்றுக்குத் தாவும் விரைவைக் குறைக்கும் அமைப்பு உங்கள் கேமராவில் இருந்தால், அதை மிகத் தாழ்வாக வையுங்கள்.

விரல் முந்த வேண்டுமானால் பறவையின் தலையைப் பார்க்கப் பழகுங்கள். மீனைத் தேடும்போது அதன் உடல் காற்றில் எவ்வளவு ஆடினாலும், இரையைக் குறித்த பிறகு தலை மட்டும் ஆணியடித்தாற்போல் நின்று, அலகு நேர்கீழாகத் திரும்பும். சில வேளைகளில் பாதி உயரம் இறங்கி மறுபடியும் சிறகடித்து நிற்கும். ஏமாந்துவிடாதீர்கள், அதுவே உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அலகு திரும்பியதும் அழுத்துங்கள். நான் கேமரா இல்லாமல் இரண்டு காலைப்பொழுதுகள் பிச்சாவரத்துக் கழியில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அவ்விரண்டு நாள்களில் கற்ற அளவுக்கு எந்த லென்ஸும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

அடுத்தது நீங்கள் நிற்கும் இடம். இந்தப் பருவத்தில் நம் கரையோரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும் பறவை காற்றை எதிர்த்தே நிற்கும். மேற்கு மேட்டில் இருக்கும் உங்களுக்கு அதன் வாலும், எதிர்வெயிலில் இருண்ட வயிறும்தான் தெரியும். கிழக்குக் கரைக்கு மாறினால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் முகம் உங்களை நோக்கி இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மீது வெப்பக் காற்று அலையாடத் தொடங்கினால் தூரத்துப் படங்கள் கலங்கிவிடும், அதற்குமுன் முடித்துவிடுங்கள்.

கரை மாறும்போது மண்சரிவில் வளைகள் தென்பட்டால் அங்கிருந்து விலகியே நில்லுங்கள். இப்பறவை அத்தகைய மண்கரையைக் குடைந்துதான் முட்டையிடும். வளை அருகே ஆள் நின்றால் தாய் உள்ளே நுழையாது.

கெடிலக்கரை எழுதியது:

இருவர் சொன்னபடியும் இந்தச் சனிக்கிழமை செய்து பார்த்தேன். கிழக்குக் கரையில், 1/3200 வேகத்தில், லென்ஸை 500 மி.மீ. அளவுக்குக் குறைத்து எடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் கேமராவை மடியில் வைத்துவிட்டுத் தலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அலகு நேர்கீழாகத் திரும்புவதை மூன்றாவது முறைதான் என்னால் அடையாளம் காண முடிந்தது. சிறகு பாதி மடங்கிய நிலையில் கண்ணில் வெயிற்புள்ளி மின்னும் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. மார்பில் நடுவே அறுபட்ட ஒற்றைப் பட்டை தெரிவதால் அது பெண் பறவை என்றும் சொல்ல முடிகிறது.

ஆனால் நீரைத் தொடும் ஃபிரேமில் அலகின் நுனி விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பறவையோடு கேமராவைக் கீழே இறக்குவதில் நான் பிந்துகிறேன் என்று நினைக்கிறேன். 22 ஃபிரேம்களையும் வரிசையாக, வெட்டாமல் இணைத்திருக்கிறேன். லென்ஸை 400 மி.மீ. அளவுக்கு இன்னும் குறைக்க வேண்டுமா, அல்லது கை வேகத்தைத்தான் பழக வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.