சியமந்தக மணிக் கூத்து: சததன்வனின் பேராசையைக் களரியில் காட்டுவது எப்படி?

படுவான்கரையான்:
தினமும் பொன் தரும் சியமந்தக மணியின் கதையை ஒன்றரை மணித்தியால வடமோடிக் கூத்தா (ஆட்டமும் பாட்டுமான நாட்டுக்கூத்து வகை) எழுதுறம். மணிக்காகச் சத்திராசித்தைக் கொல்லுற சததன்வன் வரவிலேயே, அதாவது முதல் வந்து ஆடுற இடத்திலேயே, கெட்டவனாத் தெரியிறான். மணியால கெட்டுப்போனவனாத் தெரியல்ல. மணியும் சிக்கல். கண்ணாடிக் குண்டு வைத்தால் களரிக்கு (கூத்தாடும் களத்துக்கு) வெளியே ஒருவருக்கும் தெரியாது. என்ன செய்யலாம்?

ஏட்டுக்காரன்:
பிழை கூத்துக் கொப்பியில, எழுத்தில கிடக்கு, ஆட்டத்தில இல்ல. பாகவதத்தில் அவன் தானாக மணிக்கு ஆசைப்படவில்லை. தன் மகள் சத்தியபாமையை நமக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கண்ணனுக்குக் கொடுத்த சத்திராசித்தின் மணியை ஏன் விடவேணும் என்று அக்குரூரரும் கிருதவர்மனும்தான் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் வரவு மற்ற யாதவ வீரர்களின் வரவு மாதிரியே இருக்கட்டும். ஏற்றிவிடும் இடத்தில் நீளமான தர்க்கத் தரு (வாதாடிப் பாடும் பாட்டு) வையுங்கள். முதல் அடிகளில் பாமை பெயர்தான் வரவேணும்; போகப்போகப் பாமை குறைந்து மணி கூடவேணும். கடைசி அடியில் பாமையே இல்லை: நாளுக்கு 8 பாரம் (பழைய நிறை அளவு) பொன் என்று அவனே எண்ணிப் பாடவேணும்.

கொலைக்குப் பாட்டு வேண்டாம். தூங்குகிற சத்திராசித்தைச் சததன்வன் கொல்கிறான். மத்தளம் நிற்கட்டும், பெண்கள் அழுகிற சத்தம் மட்டும் போதும்.

மத்தளக்காது:
மணிக்கு 40 மில்லிமீற்றர் மேசைப்பந்து எடுங்க. 22 மில்லிமீற்றருக்கு ஒரு கீறு. மஞ்சள் எல்.ஈ.டி.யின் இரண்டு காலுக்கும் நடுவில் சி.ஆர். 2032 பற்றரி, நீளக்கால் பிளஸ் பக்கம். காலுக்கும் பற்றரிக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, நுனியை வெளியே விடுங்க, இழுத்தால் எரியும். வெள்ளை எல்.ஈ.டி. வேண்டாம். அதுக்கு 3 வோல்ட் அளவு வேணும், பற்றரி கொஞ்சம் இறங்கினாலே மங்கும். மஞ்சளுக்கு 2 வோல்ட் போதும். உள்ளே பஞ்சு அடையாவிட்டால் இறுக்கிப் பிடிக்கும்போது பந்து நசுங்கும்.

மணி கைக்கு வந்த பிறகு சததன்வன் இடது கையைத் திறக்கவே கூடாது. விரல் இடுக்கால் வெளிச்சம் கசியும். நெஞ்சளவில் பிடிக்கவேணும், இடுப்பளவில் பிடித்தால் கரப்புடுப்பு (இடுப்பில் விரிந்து நிற்கும் கூத்து உடுப்பு) மறைக்கும். வரவில் களரி முழுக்கப் போட்ட வட்டம் இப்ப பாதியாகச் சுருங்கட்டும். ஒற்றைக் கையோடு சுழன்றால் உடம்பு சாயும். சதங்கை கட்டுமுன்னே இப்படிப் பழக்குங்க, மறுகா திருத்துவது கரைச்சல்.

படுவான்கரையான்:
மணியை அக்குரூரரிடம் கொடுத்துவிட்டுத்தானே ஓடுகிறான்? அப்ப கை?

ஏட்டுக்காரன்:
மூடினபடியே. இந்தக் கதையில் விடக்கூடாத இடம் இதுதான். 100 யோசனை (பழைய தூர அளவு) ஓடக்கூடிய அவன் குதிரை மிதிலைக்கு வெளியே விழுந்து சாகிறது. தலையிலுள்ள கிரீடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்நடையாக ஓடுகிறான், கை மட்டும் நெஞ்சில். கண்ணனின் சக்கரம் அவன் தலையை அறுக்கிறது. கண்ணன் உடுப்பெல்லாம் தேடுகிறான், மணி இல்லை. கடைசியாக அந்தக் கையை ஒவ்வொரு விரலாகப் பிரிக்கட்டும். நாலு பக்கத்துச் சனத்துக்கும் வெறுங்கை தெரியுமட்டும் மத்தளத்தில் கை வைக்காதீங்க.